மூன்று வரியில் தாய்ப்பால்

ஜூலை 3, திங்கள்

மறுபடி எழுதத் தொடங்குகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போன பழக்கம். டைரி வாங்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு டைரியைக் கடையில் வாங்கினால் ஊர் சிரிக்கும். அடுத்த வருட நாள்காட்டியின் தேதித்தாள்களில் மை கசிந்தவையும் கோணலாக வெட்டுப்பட்டவையும் கட்டுக் கட்டாகக் குப்பைக்குப் போகின்றன. பின்பக்கம் இன்னும் அச்சேறாதவற்றை எடுத்து வைத்துக்கொண்டேன். தாளைத் திருப்பினால் அடுத்த வருடத்து அஷ்டமி, நவமி. இந்தப் பக்கம் என் பாடு.

பாப்பாவுக்கு மூன்றரை மாதம். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருப்பேன். ஆடி நெருங்குகிறது என்று முதலாளி அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருட நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதற்குள் எல்லா அச்சகமும் பேய் பிடித்ததுபோல் ஓடும். கணினியில் தமிழ் அடித்துப் பக்கம் கட்டுவது என் வேலை. நல்ல நேரம், ராசிபலன், தாளின் பின்பக்கத்து மருத்துவக் குறிப்பு எல்லாம் என் விரல் வழியாகத்தான் போக வேண்டும்.

வீடு இரண்டு தெரு தள்ளி. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன் என்று சொல்லித்தான் மறுபடி சேர்ந்தேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா என்பது சம்பளத்தன்று தெரியும். பாப்பாவை இவருடைய அக்கா சீதாலட்சுமி பார்த்துக்கொள்கிறார். இடுப்பு வலியால் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எங்களோடு இருக்கிறார். மதினிக்குப் பாப்பா என்றால் உயிர். அதில் குறை சொல்ல முடியாது.

ஜூலை 6, வியாழன்

பால் வாங்கும் ஜெனிட்டா வந்துபோனாள். பால்காரி இல்லை, பட்டம் படித்த பெண். மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் ஊர்த் தாய்மாரிடம் தாய்ப்பால் வாங்கிப் பரிசோதிக்கிறது. போன வருடமே தொடங்கிய ஆய்வு. நான் பிரசவ வார்டில் படுத்திருந்தபோது வந்து என்னையும் சேர்த்தாள். முதல் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று தடவை கட்டைவிரல் உயரப் புட்டியில் பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் பாப்பாவை எடை போட்டுக்கொண்டு போவாள்.

அன்றைக்கு அவள் வாசித்துக் காட்டிய ஒப்புதல் தாளில், 'ஆய்வின் முடிவுகள் தங்களுக்குத் தெரிவிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. பிழை பார்க்கிற பழக்கத்தில் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இன்றும் கேட்டேன், முதல் மாதம் கொடுத்த பால் என்ன ஆயிற்று என்று. தனக்கே தெரியாது, ஆய்வை நடத்தும் மேடம்தான் சொல்ல வேண்டும் என்றாள். பாப்பா நல்ல எடை, கையும் காலும் திரண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பத்திரமாக மூடிக்கொண்டு போனாள். என் பாலுக்கு அவ்வளவு மரியாதை இருப்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 11, செவ்வாய்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தேநீர் வேளையில் குருநாதன் சார் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தார். எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'நம் ஊர்த் தாய்மாரின் பாலில் சத்துக் குறைவு! ஆய்வில் அதிர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஜெனிட்டாவின் நிறுவனத்துப் பெயர்தான் போட்டிருந்தது. பரிசோதித்த தாய்மாரில் பெரும்பாலானவர்களின் பாலில் பி12 என்கிற வைட்டமின் குறைவாம். அது குறைந்தால் குழந்தையின் ரத்தமும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாமாம். அவ்வளவுதான் செய்தி. பாதிக்கப்பட்டவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. செய்தி முடிகிற இடத்தில் நகைக்கடை விளம்பரம் தொடங்குகிறது. மேலே படம், வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று புட்டியில் பால் குடிக்கிறது. எங்கள் பாலைப் பற்றிய செய்திக்கு எங்கள் பிள்ளை ஒன்றின் படம்கூடக் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

வாங்குவதற்கு வீடு தேடி வரத் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாங்கிப் போனார்கள். முடிவைச் சொல்ல மட்டும் செய்தித்தாளுக்குப் போய்விட்டார்கள். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழெட்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்று என் பாலின் யோக்கியதையைக் கேட்டேன்.

பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. பாப்பாவை என் மடியில் வைக்கும்போது மதினி கொஞ்சம் தயங்கினார்.

"பேப்பர்லயே போட்டுருக்கானாமே."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான் மதினி."

பாப்பா எப்போதும்போல் குடித்தாள். நானும் எப்போதும்போல் கொடுத்தேன். எப்போதும்போல் என்று எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, புதன்

ஜெனிட்டாவுக்கு நாலைந்து தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

வேறு வேலை இல்லாமல், ஒரு வேடிக்கைக்காக, கொஞ்சம் பாலை எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சிச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தண்ணீராகத் தெரிந்தது. லேசாக நீலம் பாய்ந்த மாதிரி. முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. யார் பார்த்தார்கள்? கண்ணாடி டம்ளரில் மாற்றியும் பார்த்தேன், அதே நீலம். வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன்.

மதினி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் இவர் வரும்போது மெடிக்கலில் இருந்து பால்மாவு டின்னும் ஒரு புட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிங் மெஷின் ஓட்டுகிற மனிதர், கடைக்குப் போய் எந்த வயதுக்கு எந்த நம்பர் என்றெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறார். மூன்று மணிக்கு மட்டும் இதைக் கொடுப்போம், நீ வெயிலில் ஓடி ஓடி வருகிறாயே என்று சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

யோசித்தால் அதுவும் சரிதான். ஆடி வேலை கழுத்தை நெரிக்கிறது. ஒரு வேளை ஓட்டம் மிச்சம். செய்தித்தாளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூலை 19, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பதினொரு மணிக்கும் டின் பால்தான் இப்போது. குடித்துவிட்டுப் பாப்பா அசந்து தூங்குகிறாளாம். "வயிறு நெறஞ்சிருச்சு பாரு" என்று மதினி சொன்னார். இத்தனை நாள் நிறையவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று சோற்றைப் பிசைந்தேன்.

முன்பெல்லாம் பத்தரை மணி ஆனால் மார் கனத்து, ஜாக்கெட்டுக்குள் துண்டு மடித்து வைக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் துண்டு எடுத்துப் போகவே இல்லை. வேலைக்கு வசதியாக இருக்கிறது. அடுத்த வருட ஜூலை வரைக்கும் பக்கங்களைக் கட்டி முடித்துவிட்டேன். அண்ணாச்சி இரண்டாவது தடவையாகத் தலையை ஆட்டினார், இது நல்ல ஆட்டம்.

ஜூலை 22, சனி

பக்கத்து வீட்டு அன்னபாக்கியத்தின் பையனை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தை. வாந்தியும் வயிற்றுப்போக்கும். கண் உள்ளே போய்விட்டது. இவர் பைக்கில்தான் கொண்டுபோய் விட்டோம்.

அவளும் அந்த ஆய்வுக்குப் பால் கொடுத்தவள்தான். அவள் வீட்டில் டின் வாங்க வழியில்லை. புருஷன் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், கூலி. செய்தி வந்த மறுநாளே அவள் மாமியார் பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். குழந்தைக்குக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் காலில் குத்தி, அங்கும் கிடைக்காமல், கடைசியில் தலையில் குத்தினார்கள். அன்னபாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பையன். எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவளைத் திட்டினான். "ரெண்டு மாசப் பிள்ளைக்கு யாரு மாட்டுப்பால் குடுக்கச் சொன்னா? படிச்ச பிள்ளைதான நீ?"

படித்ததனால்தான் கொடுத்தாள். உங்கள் ஆட்கள் செய்தித்தாளில் போட்டதைப் படித்ததனால் கொடுத்தாள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். குழந்தை அவன் கையில் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் தலை வெடித்துவிடும்.

தேதித்தாளின் பின்பக்கத்துக்கு மருத்துவக் குறிப்புகள் வேண்டும். குருநாதன் சார் வருடம் முழுக்கச் செய்தித்தாளில் இருந்து வெட்டி வைத்திருப்பார். அதை மூன்று வரிக்குச் சுருக்கி எழுதித் தருவார். மூன்று வரிக்கு மேல் அந்தத் தாளில் இடம் கிடையாது. அடுத்த வருடம் ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்கு அவர் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

'தாய்ப்பாலில் சத்துக் குறைவு இருப்பதாக ஆய்வு கூறுகிறது. எனவே தாய்மார்கள் ஆறு மாதம் வரை காத்திராமல் இணை உணவு தொடங்குவது நலம்.'

செய்தியில் இருந்தது எங்கள் ஊர்த் தாய்மார், ஒரு வைட்டமின். இங்கே ஊர் போயிற்று, வைட்டமின் போயிற்று. உலகத்துத் தாய்ப்பால் முழுக்கச் சத்துக் குறைவு ஆகிவிட்டது. கடைசி வரி செய்தியில் இல்லவே இல்லை, அது சாரின் சொந்தச் சரக்கு. கேட்டேன். செய்தி என்றால் அதிலிருந்து ஒரு பயன் சொல்ல வேண்டாமா, சும்மா பயமுறுத்திவிட்டு விடலாமா என்று கேட்கிறார். பயமுறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"இது தப்பு சார்."

"பேப்பர்லயே வந்துருக்கும்மா."

இந்தத் தாள் எத்தனை லட்சம் வீட்டுச் சுவரில் தொங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கோ ஒருத்தி காலையில் தேதியைக் கிழித்துவிட்டுப் பின்பக்கம் பார்ப்பாள். மடியில் பிள்ளை இருக்கும். அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உண்மை என்ன என்று தெரிந்துகொண்டு வா, மாற்றிவிடலாம் என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூலை 28, வெள்ளி

கடவுள் இருக்கிறார், கிண்டலும் செய்கிறார். தாய்ப்பால் வார விழாவுக்கு அந்த நிறுவனத்தின் துண்டுப் பிரசுரமே எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. 'தாய்ப்பால் ஓர் அமுதம், அதற்கு ஈடில்லை உலகில்' என்று மேலே. கீழே அதே முத்திரை. உள்ளே ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வாரம் முன்பு சத்துக் குறைவாக இருந்தது இந்த வாரம் அமுதம் ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். தனித்தனியாக முடிவு சொல்ல அனுமதி இல்லையாம். மொத்த முடிவும் ஆங்கிலக் கட்டுரையாக வெளியாகி இணையத்தில் இருக்கிறதாம், பார்த்துக்கொள்ளலாமாம். பார்த்தேன். முதல் பத்தி மட்டும் தெரிகிறது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், குறைவு என்பதைத் தவிர மற்றது பிடிபடவில்லை. மீதியைப் படிக்க டாலரில் பணம் கட்டச் சொல்கிறது. என் பாலைப் பற்றி நான் படிக்க டாலர். அதுவும் நான் முழுக்கப் படித்திராத மொழியில்.

விழா ஆகஸ்ட் நாலாம் தேதி, தெற்கு ரத வீதிக் கல்யாண மண்டபத்தில். தலைமை, ஆய்வை நடத்திய டாக்டர் ஹேமலதா. பிரசுரத்தில் அவர் பெயரைப் பிழையில்லாமல் அடித்து முடித்தேன். போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆல்பம் வெளியாயிற்று. ஆளுக்கு ஒரு பெட்டி இனிப்பு. ராத்திரிக்கும் டின் பால்தான் இப்போது. பாப்பா இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் வாயைத் திறப்பதில்லை, மதினியின் கையைப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

அண்ணாச்சி அரை நாள் லீவு கொடுத்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பையில் புட்டி இருந்தது, துண்டுக்கு அடியில்.

மண்டபம் நிறையத் தாய்மார். முதலில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. முதல் பரிசு வாங்கிய பையன் பூசணிக்காய் மாதிரி இருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, ஒரு மாதத்தில் இருந்தே டின் பால்தான், வெளியில் சொல்லாதீர்கள் என்று என் காதில் சொன்னாள். தாய்ப்பாலின் மகிமை என்று சொல்லி அவனுக்கு மாலை போட்டார்கள். பிறகு ஆளாளுக்கு அமுதம், அமுதம் என்று பேசினார்கள். டாக்டர் ஹேமலதாவும் பேசினார். ஐம்பது வயது இருக்கும், கனிவான முகம், நல்ல தமிழ். ஆய்வைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேள்வி நேரம் என்றார்கள். நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துக் கேட்டார்கள், பதில் வந்தது, கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். மைக் என்னைத் தாண்டிப் போயிற்று.

சாப்பாட்டுக்கு இறங்கும் படியில் டாக்டரை மறித்துவிட்டேன். ஜெனிட்டாவும் கூட இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம், என் பாலையும் நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க. அதுல என்ன இருந்துச்சு?"

அவர் கோபப்படவில்லை. ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுமையாகச் சொன்னார். பாலில் மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஒரு வைட்டமின் குறைவு, ஏனென்றால் தாயின் ரத்தத்திலேயே அது குறைவு. தாய் மாத்திரை சாப்பிட்டால் பாலில் ஏறிவிடுகிறது. அதையும் இதே ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆய்வின் பாதியே அதுதான். குழந்தைகள் எல்லாம் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். யாரும் பாலை நிறுத்த வேண்டியதே இல்லை.

"அப்ப அதை ஏன் பேப்பர்ல போடல?"

"ரெண்டு பத்தி எழுதி அனுப்புனோம்மா. கடைசிப் பத்தியில நிறுத்தக் கூடாதுன்னு தெளிவா இருந்துச்சு. அவங்க இடம் இல்லைன்னு முதல் பத்தியை மட்டும் போட்டுட்டாங்க."

எனக்கு அந்தக் கதை தெரியும். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம். நாங்களும் அப்படித்தான். ஆனால் ராகுகாலத்தை வெட்ட மாட்டோம். அது இல்லாவிட்டால் வாங்கியவன் சண்டைக்கு வருவான். தாய்மார் வர மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியில் போட்டால் வெட்டுப்படும் என்பது, இத்தனை படித்தவர்களுக்குத் தெரியாதா? நிறுத்தக் கூடாது என்பதை முதல் வரியாக எழுதினால் என்ன? இல்லை, எங்கள் வீடு தெரிந்த ஜெனிட்டாவை ஒரு நடை அனுப்பினால்தான் என்ன?

"இப்ப சொன்னதை மைக்ல சொல்லுங்க மேடம். உள்ள இருக்கவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல டின் வந்தாச்சு. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை தலையில ஊசியோட படுத்துக் கிடந்துச்சு."

அவர் முகம் மாறியது. வருத்தப்பட்டார், அது நடிப்பு இல்லை. ஆனால் மைக்கிடம் போகவில்லை.

"இது விழா மேடைம்மா. இங்க வந்து குறைவுன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னும் பயந்துருவாங்க. முறையா அனுமதி வாங்கித் தெரிவிக்கிறோம்."

இன்னும் பயப்பட எங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அப்போது பாப்பா சிணுங்கினாள். பையைத் தோளில் இருந்து இறக்கினேன். துண்டு விலகிவிட்டது. டாக்டர் புட்டியைப் பார்த்தார்.

"எப்போ இருந்து?"

"ஆடி வேலை மேடம்" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அடிக்கடி வாய் வைக்க விடுங்கள், திரும்ப ஊறும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, புட்டி கழுவிக்கொண்டிருந்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பிள்ளை மூளைக்கு எதுவும் ஆயிரக் கூடாதேன்னுதானடி" என்றார். பிறகு அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. யாரைக் கோபித்தாலும் கடைசியில் ஒரு நல்ல மனுஷி அல்லது நல்ல மனுஷன்தான் எதிரில் நிற்கிறார்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அன்னபாக்கியத்தின் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். வார்டிலேயே நர்ஸ்மார் அவளை மறுபடி பால் கொடுக்க வைத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் மாமியாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவளுக்குப் பால் நிற்கவில்லை, அவள் தப்பித்தாள்.

நானும் பாப்பாவை வாய் வைக்க வைத்துப் பார்த்தேன். சப்பினாள், நிமிர்ந்து பார்த்தாள், அழுதாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

உண்மையைத் தெரிந்துகொண்டு வா என்றாரே, வந்தேன். மூன்று வரிக்குள் நானே எழுதிக் கொண்டுபோய் வைத்தேன்.

'தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய்க்குச் சத்துக் குறைவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தாய் மாத்திரை சாப்பிட்டால் போதும். பிள்ளையின் பாலை மாற்றத் தேவையில்லை.'

எண்ணி எண்ணி அடித்தது, ஒரு எழுத்துக்கூட வெளியே தொங்கவில்லை. குருநாதன் சார் இரண்டு தரம் வாசித்தார். நன்றாக இருக்கிறது, எந்தப் பேப்பரில் வந்தது என்று கேட்டார். எதிலும் வரவில்லை, ஆய்வு செய்த டாக்டரே வாயால் சொன்னார் என்றேன். வாயால் சொன்னதை எப்படியம்மா போடுவது, நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்றார். அவருடைய தப்பான குறிப்புக்கு ஆதாரம் இருக்கிறது. என்னுடைய சரியான குறிப்புக்கு இல்லை.

டாக்டர் ஹேமலதாவுக்குப் பேசினேன். அவரே எடுத்தார். இந்த மூன்று வரியும் சரி என்று உங்கள் கையெழுத்தோடு வாட்ஸப்பில் அனுப்புங்கள், போதும் என்றேன். வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சரியாக இருக்கிறதம்மா, ரொம்ப அழகாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். ஆனால் நிறுவனத்தின் பெயரில் எது வெளியே போவதென்றாலும் குழு ஒப்புதல் வேண்டுமாம். குழு அக்டோபரில் கூடுமாம். எங்கள் தாள் இந்த மாதக் கடைசியில் அச்சேறிவிடும் என்றேன். அக்டோபருக்கு முன்னால் முடியாதம்மா என்றார்.

அந்தச் செய்தியைச் செய்தித்தாளுக்குக் கொடுத்தபோது எந்தக் குழு கூடியது என்று கேட்க மறந்துவிட்டேன். இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

பிரச்சினைக்குரிய குறிப்பே வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார். இருவருடையதையும் எடுத்துவிட்டு, ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்கு 'வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் சாப்பிட உடல் சூடு தணியும்' என்று அடித்தேன்.

ஆகஸ்ட் 23, புதன்

பி12 மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். காலையில் ஒன்று. பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை என்று மதினி ஒன்று விடாமல் ஆக்கிப் போடுகிறார். அண்ணாச்சியிடம் மல்லுக்கட்டிப் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மறுபடி போய்வருகிறேன். ஜாக்கெட்டுக்குள் துண்டும் வைத்துக்கொள்கிறேன். துண்டு போனபடியே காய்ந்து திரும்பி வருகிறது.

பாப்பா வாயை வைப்பாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு முதுகை வளைத்துக்கொண்டு கத்துவாள். மதினி அடுக்களையில் புட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டால் அடங்கிவிடுவாள். நல்ல எடையில்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள், குப்புற விழுகிறாள். டின் பால் ஒன்றும் விஷம் இல்லை, அது எனக்குத் தெரியும். பால் வராமல் போன தாய்மார், வேலைக்கு ஓடுகிற தாய்மார் எத்தனையோ பேர் அதில்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். நானாக முடிவு செய்து கொடுத்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகப் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருப்பேன். நான் முடிவு செய்யவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

ஆறாம் மாதம். ஜெனிட்டா வந்தாள்.

ஐஸ் பெட்டி, எடைக்கருவி, கட்டைவிரல் உயரப் புட்டி. மதினி அவளை உள்ளே விட மாட்டேன் என்று வாசலை மறித்தார். நான்தான் விடச் சொன்னேன். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பாப்பாவை எடை போட்டாள். பிறகு புட்டியை நீட்டினாள்.

"இல்ல" என்றேன்.

புரியாமல் பார்த்தாள். அப்புறம் புரிந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அன்றைக்கு ஏன் போனை எடுக்கவில்லை என்று நான் கேட்கவும் இல்லை, அவளாகவே சொன்னாள். தாய்மாரிடம் இருந்து போன் வந்தால் பேச வேண்டாம், எல்லாவற்றையும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்களாம். அழுதுவிடுவாள் போல் இருந்தது. எனக்கு அவள்மேல் பரிதாபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

பால் கிடைக்காவிட்டால் காரணத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டுமாம். பதியாவிட்டால் அடுத்த வீட்டுக்கு நகர விடாதாம். எனக்கும் காட்டினாள். தாய் ஊரில் இல்லை, தாய்க்கு உடல்நலமில்லை, தாய்க்கு விருப்பமில்லை. எல்லாக் காரணமும் தாயிடம்தான் இருக்கிறது. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு சின்னக் கட்டம்.

"விருப்பமில்லைன்னு போட்டுரவா அக்கா?"

"குடு இங்க" என்று கைப்பேசியை வாங்கினேன். கட்டத்தைப் பார்த்தேன். நம் தேதித்தாளைவிடச் சிறியது. பழகிய கைதானே. அடித்தேன்.

'பால் நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று செய்தித்தாளில் படித்தேன், நம்பினேன். இருக்கிறது என்று சொல்ல யாரும் வரவில்லை.'

மூன்று வரி. ஜெனிட்டா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அனுப்பு என்றேன். அனுப்பினாள். திரையில் ஒரு பச்சை அடையாளம் வந்தது. 'நன்றி. உங்கள் பங்களிப்பு பதிவு செய்யப்பட்டது.'

காலிப் புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து, எப்போதும்போல் பத்திரமாக மூடி, எடுத்துக்கொண்டு போனாள்.